நட்டத்தில் ஓட வேண்டிய பஸ்

சிவமயம்

கிளுவைத்தோட்டம்,
சாவகச்சேரி.
9.6.1990

அன்புத் தம்பி இராசநாயகத்துக்கு,

அக்கா ஞானாம்பிகை எழுதுகிறேன். பிள்ளையார் புண்ணியத்தில் நானும், ஆடுகள் இரண்டும், முன் வளவுப் பலாமரமும் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் மச்சாளும் பிள்ளைகளும் வெள்ளவத்தையில் கடற்காற்று வாங்கிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சுகம் விசாரித்தாயிற்று. இனி நான் உன்னோடு கோபம்.

சித்திரை வருஷத்துக்கு வந்தபோது நீ என்ன சொன்னாய்? "அக்கா, தனிய இருந்தது காணும். வீட்டைப் பூட்டிப்போட்டு எங்களோடை கொழும்புக்கு வாங்கோ" என்றாய். நான் என்ன சொன்னேன்? "எங்கடை பஸ் இருக்குமட்டும் நான் ஒரு இடமும் வரமாட்டன்" என்றேன். நீ சிரித்தாய். சிரித்துவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகவில்லை, எங்கள் பஸ்ஸை வைத்திருப்பதா விடுவதா என்று பார்க்க ஓர் உத்தியோகத்தர் வந்து இறங்கினார். எந்தக் கந்தோரிலிருந்து? பஸ்ஸுகளுக்குக் காசு ஒதுக்கிற உன்ரை கந்தோரிலையிருந்து! இதைத் தற்செயல் என்று நம்புவதற்கு நான் என்ன பாலர் வகுப்புப் பிள்ளையா? இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளின் பொய்யைக் கண்ணைப் பார்த்தே பிடித்தவள் நான்.

முதலில் செய்தி கொண்டுவந்தது பஸ் ஓட்டும் இன்னாசித்தம்பிதான். என் வாசல் படலையடியில் பஸ்ஸை நிறுத்தி, பாம் பாம் என்று கோண் அடித்து, தலையை வெளியே நீட்டினான். "ரீச்சர், கொழும்பிலையிருந்து ஆள் எண்ண வருகினமாம், மூண்டு நாளைக்கு. எண்ணிப் பாத்துத்தான் எங்கடை பஸ்ஸுக்குக் காசு குடுக்கிறதோ விடுறதோ எண்டு முடிவெடுப்பினமாம்" என்றான். ரிக்கற் விற்ற காசு டயருக்கே காணாது, மிச்சத்தை முப்பத்தொரு வருஷமாகக் கொழும்பில் அரசாங்கம்தான் போடுகிறது என்பது எனக்குத் தெரியும். ஊர்ச்சனத்துக்குத் தெரியாது. அவர்கள் பஸ்ஸும் மழை மாதிரித் தானாக வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கிராம முன்னேற்றச் சங்கச் செயலாளர் அல்லவா? அன்று பின்னேரமே வாசிகசாலையில் கூட்டம் வைத்தேன். "பஸ் வெறுமையாப் போனால் நிப்பாட்டிப் போடுவாங்கள். மூண்டு நாளும் வீட்டுக்கு மூண்டு பேராவது ஏறவேணும்" என்று சொன்னேன். வேலி வழக்கு அருளம்பலம் எழும்பி, "ஏறி எங்கை போறது, ரீச்சர்?" என்று கேட்டார். சாவகச்சேரிக்கு என்றேன். "போய்?" திரும்பி வாறது என்றேன். "அதுக்கு வீட்டிலையே இருக்கலாமே?" என்றார். இரு ஐயா வாயை மூடிக்கொண்டு என்று இருத்திவிட்டேன். அந்த மனிசன் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் எழுத வேண்டியே வந்திராது. என்ன செய்ய, எனக்குப் பேசத்தான் தெரியும், கேட்கத் தெரியாது என்று நீ சின்ன வயதிலேயே சொன்னவன்தானே.

முதல் நாள் விடிய ஆறரை பஸ். வழக்கமாக அதில் பன்னிரண்டு பேர் ஏறுவார்கள். அன்றைக்குத் தொண்ணூற்று நான்கு பேர்! கலியாண வீட்டுக்குப் போவதுபோல பெண்டுகள் கூறைச்சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பராசக்தி சமையல் முடியவில்லை என்று கீரைக்கட்டையும் சுளகையும் கொண்டுவந்து, கடைசி வாங்கு ஆசனத்தில் இருந்து ஆய்ந்துகொண்டு வந்தாள். ஒருவர் பலாப்பழம் ஒன்றை மடியில் வைத்திருந்தார், ஏனென்று கேட்டால், "சும்மா போறது வெக்கமாக் கிடக்கு" என்கிறார். மதகைத் தாண்டும்போது பஸ்ஸுக்கு அடியில் ஏதோ 'டங்' என்று உடைந்தது. இன்னாசித்தம்பி சிலுவை போட்டுக்கொண்டான், நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன், இரண்டு தெய்வங்களும் சேர்ந்து ஒருமாதிரிச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எண்ண வந்த கிளரன்ஸ் மானிப்பாய்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பத்துப் பிள்ளை, நல்ல மரியாதை. பாவம், உள்ளே கால் வைக்க இடமில்லாமல் மிதிபலகையில் தொங்கிக்கொண்டே எண்ணினார்.

இரண்டாம் நாளும் இதே கூத்து. அன்று பின்னேரம் கிளரன்ஸ் என் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். முகமெல்லாம் புளுகமும் சிரிப்பும். "அன்ரி, நல்ல செய்தி. உங்கடை பஸ்ஸுக்கு அரசாங்கக் காசு தேவையே இல்லை! இது லாபத்திலை ஓடுற பஸ். காசை வேறை ஊருக்குக் குடுக்கச் சொல்லி எழுதப்போறன்" என்றார். "தம்பி, ஆக்கள் ஏறினால்தானே காசு தருவியள்?" என்று கேட்டேன். "இல்லை அன்ரி, நட்டத்திலை ஓடுற பஸ்ஸுக்குத்தான் கொழும்பு காசு போடுறது. லாபம் வாற பஸ்ஸுக்கு ஏன்?" என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

கிளரன்ஸ் படலை தாண்டினதும் நான் ஊர் முழுக்க ஆள் அனுப்பினேன். "நாளைக்கு ஒரு சீவனும் பஸ்ஸிலை ஏறப்படாது!" எங்கள் சனம் வேறு எதில் ஒழுங்கோ இல்லையோ, இதில் ஒழுங்கு. மூன்றாம் நாள் பஸ்ஸில் இன்னாசித்தம்பி, கொண்டக்டர், கிளரன்ஸ், அவ்வளவுதான். வழக்கமாகப் போகிற பன்னிரண்டு பேரும் வேலிக்குப் பின்னால் பதுங்கி நின்றோம். பராசக்தி காற்புண்ணுக்கு ஆசுப்பத்திரியில் மருந்து கட்டுகிற நாள் அது, அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் அன்றைக்கு அருளம்பலத்துக்கும் இளையதம்பிக்கும் கோட்டில் தவணை. பதினொரு வருஷமாக ஒரு முழ வேலிக்கு வழக்குப் பேசுகிற சீமான்கள். தவணையன்று இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில், ஒரே வாங்கில், முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்து போவார்கள். பஸ்ஸில் ஏறப்படாது என்று நான் சொன்னதால் இருட்டோடு எழும்பி ஐந்து மைலும் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். வழியில் பஸ் வந்து பக்கத்தில் நின்றது. கிளரன்ஸ் மனமிரங்கி, "ஐயாமார், ஏறுங்கோவன்" என்று கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே குரலில், "வேண்டாம் தம்பி! எங்கடை ஊருக்கு பஸ் தேவையில்லை!" என்றார்களாம். பதினொரு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. கிளரன்ஸ் கொப்பியைத் திறந்து அதை எழுதிக்கொண்டதை இன்னாசித்தம்பி தன் கண்ணால் பார்த்தானாம்.

போகிற அன்று கிளரன்ஸ் எனக்கு விளக்கினார். நட்டமும் இருக்க வேண்டுமாம், தேவையும் இருக்க வேண்டுமாம். இரண்டும் சேர்ந்தால்தான் கொழும்புக் காசு. எங்கள் கணக்கிலோ இரண்டு நாள் நட்டமில்லை, ஒரு நாள் தேவையில்லை. அடக் கடவுளே! முப்பத்தொரு வருஷமாக எங்களிடம் நட்டமும் தேவையும் தாராளமாகக் கிடந்ததே, தம்பி! சும்மா விட்டிருந்தால் தானாக எண்ணுப்பட்டிருக்கும். விசரி நான், நல்லாய் ஓடின தேரை இழுத்துத் தெருவில் விட்டேன்.

ஆகவே கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கேட்கிறேன். அந்தக் காகிதம் உன் மேசைக்குத்தான் வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னம் கொஞ்சம் யோசி.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு இந்த பஸ் முதன்முதல் வந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? மாவிலை கட்டி, தேங்காய் உடைத்து, நீ முன் கண்ணாடிக்குச் சந்தனப் பொட்டு வைக்க, றைவர் "தம்பி, எனக்கு றோட்டுத் தெரியவேணும்" என்று அழித்தாரே. அதற்கு முன்னம் அப்பா உன்னைச் சயிக்கிளில் வைத்து உழக்கினார். மாரியில் ஒழுங்கையெல்லாம் வெள்ளம். எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகாமல் நின்றாய் என்று நீயே எண்ணிப் பார்.

உன் பள்ளிக்கூடச் சோதனை நாளை நான் சாகுமட்டும் மறக்க மாட்டேன். நேரம் பிந்தி எழும்பி, கிணற்றடியில் நின்றுகொண்டு, "அக்கா, பஸ் போயிட்டுதோ?" என்று கத்தினாய். நான் ஓடிப்போய் பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். "பிள்ளை, நேரம் போகுது, விலகு" என்றார் றைவர். "என்ரை தம்பி ஏறாமல் எடுக்கிறதெண்டால் எனக்கு மேலாலை ஏத்திக்கொண்டு போங்கோ" என்றேன். பத்து நிமிஷம்! அந்த பஸ்ஸில் போக இருந்தது என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. நீ ஈரத்தலையோடு, சேட்டுப் பொத்தான் பூட்டாமல் ஓடிவந்து ஏறினாய். பதின்மூன்றாவது ஆள். அன்றைக்கும் அந்த பஸ் நட்டத்தில்தான் ஓடியது. அந்த நட்டத்திலைதான்ரா நீ படிச்சனீ. அந்த நட்டத்திலைதான் நான் படிப்பிச்சனான். இண்டைக்கு நீ குந்தியிருக்கிற சுழல் கதிரையும் அந்த நட்டத்திலை வந்ததுதான்.

இப்போது எனக்கு அந்த பஸ் எதற்கு என்று கேட்பாய். திங்கட்கிழமைகளில் சாவகச்சேரிக்குப் போகிறேன். என்னோடு படிப்பித்த யோசப்பினுக்குக் கண் தெரியாமல் போய்விட்டது. அவளுக்கு ஒரு கிழமைப் பேப்பரை வாசித்துக் காட்டி, சந்தையில் இரண்டு கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் திரும்புவேன். அவ்வளவுதான் என் சீவியம். பஸ் நின்றால் ஐந்து மைல் நடக்க என் முழங்கால் விடாது. சொன்ன சொல்லுக்கு உன்னிடம் வரத்தான் வேண்டும். உன் வீடு நல்ல வீடு, மச்சாள் தங்கமான பிள்ளை. ஆனால் அங்கே எங்கே போவதென்றாலும் யாராவது என்னைக் கூட்டிப்போக வேண்டும். இங்கே நான் படலையில் நின்று கையைக் காட்டினால் அரசாங்கமே நிற்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. இதை நான் வேறு ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்.

மச்சாளுக்கு என் அன்பைச் சொல்லு. பிள்ளைகளுக்குப் பிள்ளையார் கோயில் திருநீறு மடித்து வைத்திருக்கிறேன், நீயே பூசிவிடு. உனக்கு மட்டும் ஆசீர்வாதம் இப்போதைக்கு இல்லை. முடிவு தெரிந்த பிறகு அனுப்புகிறேன்.

கோபம் தீராத உன் அக்கா,
ஞானாம்பிகை

பி.கு.: 24.6.1990. ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். இதை ஒட்டின அன்று பின்னேரமே இன்னாசித்தம்பி சங்கத்துக்கு வந்த கடிதத்தைக் கொண்டுவந்து தந்தான். 'கிளுவைத்தோட்டம் பஸ் நட்டமானது, தேவையானது. இரண்டு வருடத்துக்கு அரசாங்க உதவி வழங்கலாம்.' கீழே உன் கையெழுத்து. ஓரத்தில் பென்சிலால், "அக்கா, கிளரன்ஸ் எண்ணினதை நான் பாக்கேல்லை. அந்த பஸ்ஸிலை எத்தினை பேர் ஏறுவினம் எண்டு எனக்குத் தெரியும். பன்னிரண்டு. பிந்தி வாறவனோடை பதின்மூண்டு." வாசித்துவிட்டு அடுப்படியில் இருந்து அழுதேன். மேலே உன்னை ஏசினதையெல்லாம் வெட்டிவிட்டு வாசி.

அதற்கு இரண்டாம் நாள், திங்கட்கிழமை விடிந்தால், ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கிவிட்டது. ரயில் இல்லை, தபால் இல்லை. நீ கையெழுத்துப் போட்ட காசு இரண்டு வருஷத்துக்குக் காணும், டீசல்தான் ஒரு சொட்டும் இல்லை. இரவு தங்க வந்த பஸ் என் படலையடியில் அப்படியே நிற்கிறது. விடிய அருளம்பலமும் இளையதம்பியும் வந்து அதே வாங்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறார்கள். வவுனியாப் பக்கம் போகிற ஒருவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், உன் கைக்கு எப்போது வருமோ தெரியாது.

பஸ் இருக்குமட்டும் வரமாட்டன் எண்டு சொன்னனான். பஸ் இருக்கு. ஆனபடியால் நீதான் வரவேணும். ஓடி விழுந்து வராதை, றோட்டுத் திறக்க ஆறுதலா வா. உனக்காகத்தான் நிப்பாட்டி வைச்சிருக்கு.