ஒருமூச்சு ஐயாவின் நெற்றித் தைலம்

ஒரு வாரமாக எங்கள் ஊர் மண்டபத்து வாசலில் செருப்பு விட இடமில்லை. உள்ளே பிள்ளைகளுக்குப் படிப்பு வரவழைக்கிறார்களாம். சொல்லிக்கொடுத்து அல்ல, தடவி. நெற்றியில் ஒரு சொட்டுத் தைலம் பட்டால் போதும், பிள்ளை ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் படித்துவிடும். தடவுகிறவருக்கு ஒருமூச்சு ஐயா என்று பெயர். காற்புள்ளி அவருக்கு ஜென்மப் பகை. முற்றுப்புள்ளியைக் கண்டால் முகம் சுளிப்பார்.

ஐயாவிடம் ஒரே ஒரு விதி. படித்ததற்குப் பொருள் கேட்கக் கூடாது. கேட்டால் சக்தி இறங்கிவிடும். வெயிலைத் தாங்கும், மழையைத் தாங்கும், ஒரு கேள்வியைத் தாங்காது. எவ்வளவு வசதியான சக்தி பாருங்கள்.

நான் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். நாற்பது வயதில்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன். கற்ற வாரமே, சரக்கு லிஃப்ட்டில் மாட்டியிருந்த பலகையைக் கூட்டாளிகள் காதில் விழும்படி உரக்கப் படித்தேன்: "ஆள் ஏறக் கூடாது." ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. படித்துவிட்டு ஏறினேன். இரண்டு மாடிகளுக்கு நடுவே அது நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் உள்ளே உட்கார்ந்து யோசித்தேன். வாய்தான் படித்திருக்கிறது, நான் இன்னும் படிக்கவில்லை.

என் மகளுக்கு எட்டு வயது. வீட்டில் அவளுக்கு 'ஏன்' என்றே பட்டப்பெயர். மெதுவாகத்தான் படிப்பாள். 'நரி சிரித்தது' என்று வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். ஏன் சிரித்தது என்று தெரியாமல் அடுத்த வரிக்குப் போகமாட்டாள். இந்த வேகத்தில் போனால் மறுபடியும் அதே வகுப்புதான் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா பதறிப்போய் ஐயாவிடம் கூட்டிப்போனாள்.

ஒரே வாரம். நரி, காடு, சிரிப்பு எல்லாம் ரயில் மாதிரி ஓடின.

"நரி ஏன் பாப்பா சிரிச்சுது?" என்றேன்.

"பொருள் கேக்கக் கூடாதுப்பா. சக்தி இறங்கிடும்."

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரு 'ஏன்' இல்லை. கடிகாரம் நின்றுபோனது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன், சட்டைப்பையில் ஒரு துண்டுத்தாளோடு. மருந்துக்கடைக்காரர் மகள்தான் அங்கே நட்சத்திரம். அவள் ஒரு பக்கத்தை முடித்தாள். கைதட்டல்.

"ஐயா, இதையும் படிக்கச் சொல்லுங்க. என் கையெழுத்து, கொஞ்சம் கோணல்," என்றேன்.

"தைலத்துக்குக் கோணல் என்ன, நேர் என்ன," என்று ஐயா அதை வாங்கி அவள் கையில் கொடுத்தார்.

அவள் மூச்சை இழுத்தாள். "இதைப்படிப்பவர்வாயைத்திறக்காமல்நெற்றியைத்துடைத்துக்கொள்ளவும்."

கைதட்டல்.

"அவ்வளவுதானாம்மா?"

"வேற எழுத்தே இல்லையே மாமா."

ஐயாவுக்கு என் முகம் பிடிக்கவில்லை. தாளைப் பிடுங்கி, தைலம் மினுங்கும் நெற்றியை நிமிர்த்தி, மண்டபம் அதிரத் தாமே படித்தார். பிறகு கண்ணை மூடினார். "ஆழமான கருத்து. மனசோட அழுக்கைத் துடைக்கச் சொல்லுது."

இன்னும் பலத்த கைதட்டல். பொருள் கேட்டால்தான் சக்தி இறங்கும், கதை அளந்தால் இறங்காது போலிருக்கிறது.

"ஏங்க, சும்மா வாங்க. மானம் போகுது," என்று மனைவி என் சட்டையை இழுத்தாள்.

"குடுங்க பாக்கலாம்," என்று என் மகள் ஐயாவிடம் கையை நீட்டினாள்.

தாளில் விரலை வைத்தாள். உதடு மட்டும் அசைந்தது. பாதியில் நின்றாள். முதல் சொல்லுக்குத் திரும்பிப் போனாள். "பாவம், இதுக்கு இன்னும் தைலம் ஏறல," என்றார் பின்னால் ஒருவர்.

அவள் தாளை மடித்தாள். சட்டைக் கையை இழுத்து, நெற்றியை அழுத்தித் துடைத்தாள். வாயைத் திறக்கவில்லை.

மண்டபத்தில் யாரும் கைதட்டவில்லை. மருந்துக்கடைக்காரர்தான் முதலில் எழுந்தார். தன் மகளைப் பார்த்தார். "நாளைக்கு நம்ம கடையில மருந்துச் சீட்டை இப்படிப் படிச்சுட்டு நீ எதைத்தாம்மா எடுத்துக் குடுப்பே?" என்றார். பிறகு நேராகப் போய்த் தைலப் புட்டியை எடுத்து முகர்ந்தார். "இது நான் விக்கிற தலைவலித் தைலமாச்சே. ஒரு வாரமா மூக்குக்குத் தெரிஞ்சது, மூளைக்கு இப்பத்தான் தெரியுது."

புட்டியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை ஐயா சுரண்டியிருந்தார். முழுசாகச் சுரண்டவில்லை. கடைசி வரி மிச்சமிருந்தது: 'வெளிப்பூச்சுக்கு மட்டும்.' ஐயாவின் படிப்பை அதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது.

"இன்னொரு வருஷம் அதே வகுப்புல இருந்தாலும் இருக்கட்டுங்க," என்றாள் மனைவி, மெதுவாக.

கூட்டம் எழுவதற்குள் ஐயா பின்கதவுக்கு ஓடியிருந்தார். கதவில் 'தள்ளவும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஐயா மூச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்ப்பா இழுக்கிறாரு?" என்றாள் என் மகள்.

இதை ஒரே மூச்சில் படித்து முடித்தவர்கள் கைதட்ட வேண்டாம். அவரவர் நெற்றியை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.