பூசணிக்காய் தின்ற பூவாயி

ஒரு காட்டில், எலும்பையே நொறுக்கும் பல்லும் எதையுமே தாங்காத குடலும் கொண்ட பூவாயி என்ற கழுதைப்புலி இருந்தாள். அவளுக்குக் குடல் அழற்சி. நாளைக்குப் பன்னிரண்டு முறை புதருக்கு ஓடுவாள். சில நாள் ரத்தமும் போகும். வேட்டையில் மானை நெருங்கும் நேரம் பார்த்துத்தான் வயிறு பிசையும்.

"நீங்க பிடிங்க, இதோ வந்துடறேன்" என்று அவள் ஒதுங்குவாள். மான் தப்பிவிடும். கடைசியில் கூட்டத்தார் அவளிடம் சொல்லாமலேயே வேட்டைக்குக் கிளம்பத் தொடங்கினார்கள். வயிற்றுவலியைவிட அதுதான் அவளுக்குப் பெரிய வலி.

அந்தச் சமயத்தில் டாக்டர் கொடியம்மாள் என்ற வெள்ளாடு, காய்கறி உணவு குடல் அழற்சியைத் தணிக்குமா என்று ஆராய ஆள் தேடிக்கொண்டிருந்தாள். பூவாயி போய் நின்றாள். டாக்டர் மூன்றடி பின்னால் நகர்ந்து, பதினான்கு பக்கப் படிவத்தை நீட்டினாள்.

"ஒன்பதாம் பக்கத்துல கூடுதலா ஒரு கையெழுத்து வேணும்மா."

"அதுல என்ன இருக்கு?"

"ஆய்வு முடியற வரைக்கும் ஆய்வாளரைத் தின்ன மாட்டேன்னு."

பூவாயி போட்டாள். சுரைக்காய், பூசணி, பீர்க்கங்காய்க் கூழ். முதல் வாரம் அழுதுகொண்டே விழுங்கினாள். எத்தனை முறை போனாள், என்ன நிறம் என்று தினமும் எழுதிக் கொடுத்தாள். பன்னிரண்டு எட்டாயிற்று; எட்டு மூன்றாயிற்று. மூன்றாம் மாதம் ஒருநாள், வயிறு என்று ஒன்று இருப்பதையே மறந்து பொழுதெல்லாம் வெயில் காய்ந்தாள்.

டாக்டர் முடிவை அரசவைக்குக் கொண்டுபோனாள். சிங்கம் முதல் வரியிலேயே மூக்கைச் சுளித்தது.

"காய்கறி நல்லதுன்னு ஒரு ஆடு சொல்லுது. வேற எப்படிச் சொல்லும்?"

"எனக்குக் குணமாயிடுச்சு மகாராஜா" என்றாள் பூவாயி.

"ஒருத்தி சொன்னா கதை. ஆயிரம் பேர் சொன்னாத்தான் ஆதாரம்."

யார் எதைத் தின்றாலும் கவலைப்படாத நடுநிலையாளர் ஒருவரைத் தேடி, பிணம் தின்னும் பாறுக்கழுகிடம் மறு ஆய்வை ஒப்படைத்தார்கள். கழுகு பூவாயியை ஏற இறங்கப் பார்த்தது.

"நோயோட வந்தாத்தான் சேத்துக்குவேன். போய்ப் பழையபடி இறைச்சி தின்னு. ரத்தம் போக ஆரம்பிச்சதும் வா, காய் குடுத்துப் பாப்போம்."

"மாட்டேன்னா?"

கழுகு விலகல் படிவத்தை நீட்டியது. அதில் காரணம் குறிக்க ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது: 'இறந்துவிட்டார்.'

பூவாயி புதருக்கு ஓடிய நாட்களை நினைத்தாள். கட்டத்தில் டிக் அடித்து, சாட்சிக் கையெழுத்தையும் தானே போட்டுக் கொடுத்தாள். கழுகு சரிபார்த்து, அவள் கண்முன்னாலேயே முத்திரை குத்தியது.

மறுநாள் மரத்துக்கு மரம் அறிவிப்பு: 'காய்கறி தின்ற கழுதைப்புலி மரணம். விலங்குகளுக்கு எச்சரிக்கை!' கூட்டத்தார் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். பூவாயியும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அரசாங்க அறிவிப்பை மீறி அவளை அடையாளம் காண யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஏழு பேர் பேசினார்கள். இரண்டு மணி நேரமும், ஒருமுறைகூட எழுந்து போகாமல், அவள் ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நீதி: உடம்பு தேற வேண்டுமானால் காய்கறி தின்னலாம், தேறிய உடம்போடு நிம்மதியாக வாழ வேண்டுமானால், முதலில் படிவத்தில் செத்துப்போக வேண்டும்.