கசிவுப் பிரிவின் தக்காளிப் பை

ஓவனைத் திறந்து பார்த்தபோது, 'பை' என்கிற அந்த வெள்ளைக்காரப் பண்டத்துக்குள் தக்காளிகள் நீந்திக்கொண்டிருந்தன.

ஓவர்சியர் குனிந்தபடி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குடிநீர் அலுவலகத்தில் கசிவுப் பிரிவு முழுவதும் அவர் மேற்பார்வையில்தான் நடக்கிறது. ஒரு இரும்புக் கம்பியைத் தார் ரோட்டில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தால் போதும், எந்தக் குழாய் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டில், ஒரு சாண் தகரத் தட்டுக்குள் குளம் கட்டியிருந்தது. கரண்டியால் தொட்டார். அடிமாவு களிமண்ணாக ஒட்டிக்கொண்டு வந்தது.

டியூட்டிக்குக் கிளம்பி நின்ற நர்ஸ் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இது பையா, சூப்பா?"

"முதல் தடவை கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்."

"பேசாம உண்மையைச் சொல்லிடுங்க. சொன்னா ஒரு நிமிஷம் அசிங்கம். சொல்லலேன்னா இன்னைக்குப் பூரா அசிங்கம்."

சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நோயாளிகளிடமும் அவள் இப்படித்தான் பேசுவாளாம். ஆனாலும் பிழைத்துக்கொள்கிறார்கள்.

உண்மை இதுதான். போன கோடையில் அலுவலகத்தில் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் விருந்து நடந்தது. ஓவர்சியர் ஊர்க்கோடியில் இருந்த ஒரு பேக்கரியில், கல்லாவில் நின்ற பையனிடம் ஒரு தக்காளிப் பை வாங்கினார்; கடைக்காரர் உள்ளே அடுப்படியில் இருந்தார். மைதாவும் வெண்ணெயும் பிசைந்த ஓட்டுக்குள் தக்காளி வில்லைகளை அடுக்கி, சீஸும் வெங்காயமும் போட்டுச் சுட்டெடுக்கிற உப்புப் பண்டம். கடைப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு, வீட்டுத் தட்டுக்கு மாற்றி எடுத்துப்போனார். அதுவரையில் பாவம் ஒன்றுமில்லை.

அவருடைய மேலதிகாரியான இன்ஜினியர் மேடம் ஒரு வாய் வைத்தார். மெல்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"யார் செஞ்சது?"

"நானேதான் மேடம்" என்று வாய் முந்திக்கொண்டது. ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. எப்படிச் செய்தீர்கள் என்று மேடம் விடாமல் கேட்டார். எல்லாம் கைப்பக்குவம்தான் என்று சொல்லி ஓவர்சியர் நழுவினார்.

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் மறந்திருப்பார். மேடத்திடம் சொன்னதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. சில வருடங்களுக்கு முன் ஓவர்சியர் தவறான வால்வைத் திருப்பி, மார்க்கெட் தெரு முழுவதையும் முழங்கால் தண்ணீரில் நிறுத்தியிருந்தார். யார்மீதும் பழி போடாமல் தானே போய் ஒப்புக்கொண்டார். வேலை போய்விடும் என்றிருந்த நேரத்தில் மேலதிகாரிகளுக்கு முன்னால் மேடம் நின்று பேசினார். என் பிரிவில் பொய் சொல்லாத ஆள் ஒருவர் இருக்கிறார், அவரை அனுப்பிவிட்டு யாரை வைத்துக்கொள்வது என்று கேட்டார். அந்த வார்த்தையில்தான் ஓவர்சியர் இன்னும் சம்பளம் வாங்குகிறார். அந்த வார்த்தைக்கு இவர் செய்த கைம்மாறு, ஒரு கடைப் பை.

இப்போது மேடம் ஓய்வு பெறுகிறார். பரிசு வேண்டாம், பாராட்டுரை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தத் தக்காளிப் பையை மட்டும் செஞ்சு கொண்டு வாங்க ஓவர்சியர். உங்க கையால."

ஓவர்சியர் அன்று சாயந்திரமே பேக்கரிக்கு ஓடினார். கடை மூடிக் கிடந்தது. கடைக்காரருக்கு முதுகுவலி, மூடி மாதக்கணக்காகிறது என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

ஆக, இன்று லீவு போட்டுவிட்டு அவர் சமையலறையில் நிற்கிறார். சாயந்திரம் விழா.

அடித்தளம் பலமில்லை என்பது அவருடைய முதல் முடிவு. மாவை இரண்டு மடங்கு கனமாகத் தட்டிப் போட்டார். ஓரங்களை விரலால் அழுத்தி அழுத்தி அடைத்தார். அந்தப் பை மேலே கருகி, நடுவே குளமாகி, அடியில் பச்சை மாவாகவே இருந்தது. ஒரே பண்டத்தில் மூன்று குற்றம்.

பதறிப்போய் ஃபிட்டரை வரவழைத்தார். ஃபிட்டர் அலுவலகத்திலேயே மூத்த கை. எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் கருவிப் பையோடுதான் வருவார். கல்யாண வீட்டுக்கும் அப்படித்தான் போவார் என்று கேலி செய்வார்கள். அவரிடம் ஓவர்சியர் எல்லாவற்றையும் ஒப்பித்தார், பேக்கரி விஷயம் உட்பட.

"போன வருஷப் பை கடையிலயா வாங்கினீங்க? நான் மூணு துண்டு தின்னுட்டு வீட்டுல போய் உங்களைப் பத்திப் பெருமையா சொன்னேனே சார்."

"இப்ப அது முக்கியமாண்ணே? இந்தத் தண்ணிக்கு ஒரு வழி சொல்லுங்க."

ஃபிட்டர் தட்டைத் தூக்கி நாலு பக்கமும் பார்த்தார். தண்ணீரை அடைக்கப் பார்த்தால் அது வேறு பக்கம் வரும், வழி விட்டுவிடுவதுதான் முறை என்றார். சொன்னதோடு நிற்காமல் துளைபோடும் மெஷினை எடுத்துத் தட்டின் அடியெல்லாம் ஓட்டை போட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவது என்பார்களே, அது அப்போதுதான் ஆரம்பமானது.

மூன்றாவது பை ஓவனுக்குள் போனது. தண்ணீர் வழி கண்டுபிடித்து, கீழே சிவந்திருந்த கம்பிச்சுருளின் மேல் சொட்டியது. முதலில் புகை வந்தது. பிறகு படார் என்று ஒரு சத்தம். ஓவன் அணைந்தது. ஃபேன் நின்றது. கட்டடத்தில் எல்லா வீட்டு ஃபேனும் நின்றன என்பது, கொளுத்தும் வெயிலில் ஒவ்வொரு கதவாகத் திறக்கிற சத்தத்திலிருந்து தெரிந்தது.

ஃபிட்டர் கீழே போய் ஃபியூஸைப் போட்டுவிட்டு வந்தார். ஃபேன்கள் உயிர்பெற்றன. ஓவன் மட்டும் கண் திறக்கவில்லை.

கூடையில் கடைசியாக ஒரு பைக்கான தக்காளிதான் மிச்சம். ஓவர்சியர் அதை வில்லை வில்லையாக நறுக்கினார். அவசரத்தில் உப்பு தாராளமாகவே விழுந்தது. சுத்தமான பாத்திரம் ஒன்றுகூட இல்லாததால், காய் கழுவுகிற ஓட்டைக் கூடையில் பரப்பி, ஒரு குண்டான் மேல் வைத்தார். பிறகு கீழ்வீட்டு அக்காவின் கதவைத் தட்டினார். அந்தக் கட்டடத்தில் ஓவன் வைத்திருக்கிற இன்னொரு ஆள் அவர்தான்.

அக்கா கதவை அரைவாசிதான் திறந்தார்.

"ஓவன்தானே? தர்றேனே. முதல்ல உள்ள வந்து பாத்ரூமைப் பாருங்க. உங்க வீட்டுத் தண்ணி என் தலையில சொட்டி ஒரு வருஷம் ஆச்சு. எப்ப கேட்டாலும் 'பார்க்கிறேன் அக்கா'. பார்க்கிறதுக்கு இது என்ன சினிமாவா?"

ஓவர்சியர் தலையைச் சொறிந்தார். அக்கா விடவில்லை.

"ஊரு குழாயெல்லாம் அடைக்கிறீங்க. நான் குடை பிடிச்சுக்கிட்டுக் குளிக்கிறேன் தம்பி."

ஓவர்சியரும் ஃபிட்டரும் மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கினார்கள். ஒரு வாஷரில் முடியும் என்று நினைத்த வேலை, குழாயை வெட்டி, முழங்கை மாதிரி வளைந்த இணைப்பை மாற்றுகிற வரைக்கும் போயிற்று. மத்தியானம் கரைந்துகொண்டே இருந்தது. சுவரைக் கொத்தும்போதெல்லாம் ஓவர்சியருக்குத் தன் நெஞ்சில் கொத்துவதுபோலவே இருந்தது. கடைசியில் சொட்டு நின்றது. அக்கா கீழே நின்று உள்ளங்கையை நீட்டிப் பார்த்து, ஒரு துளியும் விழவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஓவனை ஒப்படைத்தார்.

இருவரும் மேலே ஓடிவந்தார்கள். ஃபிட்டர்தான் முதலில் பார்த்தார்.

"தக்காளி செத்துப்போச்சு சார்."

கூடையில் வில்லைகள் துவண்டு கிடந்தன. அடியில் குண்டானில் பாதிக்கு மேல் தண்ணீர். ஓவர்சியர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மனைவி சொன்ன ஒரு நிமிஷ அசிங்கத்தைக் காலையிலேயே வாங்கிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது. குண்டானைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். மறுபடியும் குண்டானைப் பார்த்தார்.

"அண்ணே, ரோட்டுல தண்ணி பொங்கினா முதல்ல என்ன பண்ணுவோம்?"

"ரோட்டைத் தோண்டுவோம் சார்."

"அதுக்கும் முன்னாடி?"

"வால்வை மூடுவோம்."

"அதேதான். காலையிலேர்ந்து நான் வால்வை மூடாம ரோட்டைத் தோண்டிக்கிட்டிருக்கேன். கசிவு பையில இல்லண்ணே. தக்காளியில இருக்கு. உப்பு பட்டு அந்தத் தண்ணி பூரா இப்ப இந்தக் குண்டான்ல இறங்கியிருக்கு."

அதற்குப் பிறகு அந்தச் சமையலறை அலுவலகமாக மாறிவிட்டது. இருவருக்கும் தெரிந்த வேலை. ஓவர்சியர் வில்லைகளைச் சுத்தமான துணியில் பரப்பி ஒற்றி ஒற்றி எடுத்தார். ஃபிட்டர் மாவைப் பார்த்து ஒரு நியாயமான சந்தேகம் கேட்டார். தொட்டி கட்டினால், பூச்சு காய்வதற்கு முன்பே யாராவது தண்ணீர் விடுவார்களா? ஆகவே வெறும் மாவை மட்டும் தட்டில் பரப்பி, கீழ்வீட்டு ஓவனில் முதலில் சுட்டு இறுக வைத்தார்கள். தொட்டிக்கு உள்பூச்சு கொடுப்பதுபோல, சீஸைத் துருவி அடியில் பரப்பினார்கள். அது உருகி மாவின் மேல் தோலாகப் படிந்தது. அதன் மேல் வெங்காயம், தக்காளி, மிளகு, மறுபடியும் சீஸ்.

வேறு தட்டு இல்லாததால் ஓட்டைத் தட்டிலேயே வைக்கவேண்டியதாயிற்று. கீழ்வீட்டு ஓவன் முன்னால் இருவரும் சப்பணமிட்டு உட்கார்ந்து, மூச்சு விடாமல் தட்டின் அடியையே பார்த்தார்கள். சொட்டு விழவில்லை. ஓட்டை வழியே சூடு நேராக ஏறி, அடிமாவு பொன்னிறமாக மொறுமொறுவென்று வெந்திருந்தது. ஃபிட்டர் போட்ட ஓட்டைகளுக்குக் கடைசியில் ஒரு அர்த்தம் கிடைத்தது. தனக்கு அது முதலிலேயே தெரியும் என்று ஃபிட்டர் சொன்னார். ஓவர்சியர் இருந்த சந்தோஷத்தில் அதையும் நம்பினார். அந்த வாசனைக்கு அக்கா பாத்ரூமைக்கூட மறந்துவிட்டு ஒரு துண்டு கேட்டார்.

"நாளைக்கு உங்களுக்குன்னே ஒண்ணு செஞ்சு தர்றேன் அக்கா."

"'பார்க்கிறேன்'னு சொல்லாம இருந்தீங்களே, அதுவே போதும்."

அலுவலகக் கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப்போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். மேடத்துக்குப் பக்கத்தில் அவருடைய கணவர் உட்கார்ந்திருந்தார். அலுவலகம் அவரை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறது. மேடம் வீட்டுக் கதையை அலுவலகத்தில் பேசுகிறவர் அல்ல. கணவர் விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விடுவார் என்பது மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். பால் வண்டி ஓட்டுகிறார் என்பது ஃபிட்டரின் ஊகம், ரயில்வே என்பது டைப்பிஸ்டின் ஊகம். ஒல்லியான, அமைதியான மனிதர். நாற்காலியில் முதுகுக்கு ஒரு தலையணை வைத்திருந்தார்.

ஓவர்சியர் பையைக் கொண்டுவந்து நடுவில் வைத்து வெட்டினார். கத்தி அடியைத் தொட்டபோது நொறுக்கென்று சத்தம் கேட்டது. கூடம் முழுவதும் கேட்டது. துண்டு தளராமல், ஒழுகாமல், நேராக எழுந்து வந்தது. அதைப் பார்த்த ஃபிட்டர் பெற்ற பிள்ளை பாஸானதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேடம் ஒரு வாய் வைத்தார். போன வருடம் பார்த்த அதே பார்வை.

"நீங்களே செஞ்சதா?"

"ஆமா மேடம். சத்தியமா நானே செஞ்சது. ஃபிட்டர் அண்ணன் ஓட்டை போட்டார்."

மேடம் சிரித்துவிட்டார். எழுந்து நின்று, இந்தப் பிரிவில் பொய் சொல்லாத ஆள் இவர் என்று நான் ஒரு சமயம் மேலிடத்தில் சொன்னேன், இன்றைக்கு அதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு துண்டு தவிர தட்டு மளமளவென்று காலியானது. ஓட்டை வழியே மேசைத்துணி தெரிந்தது.

ஓவர்சியருக்கு அந்தக் கைதட்டல் இனித்தது, இனித்த இடத்திலேயே குத்தவும் செய்தது. ஜெயித்தாயிற்று. இனி யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் அந்த ஒரு நிமிஷத்தை இப்போதே கொடுத்துவிடலாம் என்று அவர் மேடத்திடம் போனார்.

"மேடம், போன வருஷம் ஒரு விஷயம்..."

"போன வருஷத்தை விடுங்க ஓவர்சியர். இவருக்கு ஒரு துண்டு இருக்கா பாருங்க."

கடைசித் துண்டு இருந்தது. மேடத்தின் கணவர் அதை வாங்கினார். உடனே வாயில் வைக்கவில்லை. தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தார். நகத்தால் இரண்டு தட்டு தட்டிக் காதருகே கொண்டுபோய்க் கேட்டார், ஓவர்சியர் ரோட்டில் கேட்பதுபோலவே. பிறகு கடித்து, நிதானமாக மென்று முடித்து, ஓவர்சியரின் கையைப் பிடித்து அருகே இழுத்தார்.

"போன வருஷம் நீங்க நம்ம பேக்கரியில வாங்கிட்டுப் போன பையில அடி ஈரமா இருந்துச்சுன்னு, அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் இவ என்னைப் பிடி பிடின்னு பிடிச்சுட்டா தம்பி. உங்களுது கசியவே இல்ல."