வருகையின் நோக்கம்

“வருகையின் நோக்கம் என்ன சார்?” என்று கேட்டார் தங்கராஜு.

“தூங்குறது,” என்றார் யோகேந்திரன்.

குடியிருப்பின் வாசலில் நின்ற காவலர் தங்கராஜு கையிலிருந்த டேப்லட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். உறவினர், டெலிவரி, பழுதுபார்ப்பு, மற்றவை என்று நான்குதான் இருந்தன. தூங்குவதற்கென்று எதுவும் இல்லை. பின்னால் நின்ற கார் ஹார்ன் அடித்தது. அதில் இருந்தவர் யோகேந்திரனின் எதிர்வீட்டுக்காரர்தான். யோகேந்திரன் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். எதிர்வீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கி கேமராவைப் பார்த்துச் சிரித்தார். தடுப்புக் கட்டை மரியாதையாக எழுந்தது.

“டெலிவரின்னு போட்டுக்கவா சார்?”

“நான் என்ன பொட்டலமா?” என்று கேட்ட யோகேந்திரன், கடைசியில் உறவினர் என்பதற்குச் சம்மதித்தார். உள்ளே இருந்த அவருடைய மனைவி விஜிதாவின் தொலைபேசிக்குக் கேள்வி போனது. தங்கள் வீட்டுக்கு உறவினர் ஒருவர் வந்திருக்கிறார், அனுமதிக்கலாமா? விஜிதா அனுமதித்தாள். யோகேந்திரன் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

தெப்ராவில் இருக்கும் அந்தக் குடியிருப்புத் தாமானில் இந்த ஏற்பாடு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. குடியிருப்பாளர் சங்கம் ஒரு கம்பெனியைப் பிடித்து, வாசலில் முகம் பார்க்கும் கேமராவும் எல்லாருடைய கைப்பேசியிலும் ஒரு செயலியும் வைத்துவிட்டது. முகத்தைப் பதிந்தவர்களுக்கு ஆளுக்கொரு பொட்டலம் சமையல் எண்ணெய் இலவசம். சனிக்கிழமை காலையில் சங்க அலுவலகத்துக்கு வெளியே நின்ற வரிசை பெருநாள் வரிசை மாதிரி இருந்தது. சிலர் எண்ணெய்க்காகவே வெளியூரிலிருந்து உறவினர்களை அழைத்து வந்திருந்தார்கள்.

யோகேந்திரன் மட்டும் வரிசையில் நிற்கவில்லை. செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி அவர். புதிதாக அரிசிக் குக்கர் வாங்கினால்கூட அதனுடன் வரும் குறிப்பைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் அரிசி போடுவார். அதேபோல் செயலியின் விதிமுறைகளையும் படித்தார். முகத்தின் அளவுகள், வீட்டைவிட்டுப் போகும் நேரம், திரும்பி வரும் நேரம், யார் யார் வந்தார்கள் என்பதையெல்லாம் கம்பெனி தன் வணிகக் கூட்டாளிகளுடனும் தேவைப்பட்டால் அரசாங்கத்துடனும் பகிர்ந்துகொள்ளலாம் என்று அதில் இருந்தது. தேவை என்றால் என்ன, அதை யார் முடிவு செய்வார்கள் என்பது மட்டும் இல்லை.

அன்றைக்கே சங்கத் தலைவர் உதுமானைப் பார்க்கப் போனார். உதுமானுக்குச் சொந்தமாக உணவகம் இருந்தது. சங்க அலுவல்களையும் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்ப்பார். யோகேந்திரன் விதிமுறைகளை வாசித்துக் காட்டியபோது உதுமான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே மூன்று மேசைகளுக்குச் சில்லறை கொடுத்து முடித்தார்.

“ஐசி கார்டு எடுத்த அன்னைக்கே கட்டைவிரல கவர்ன்மென்ட்டுக்குக் குடுத்தாச்சு யோகா,” என்றார். “போன் வாங்கின அன்னைக்கு மத்த எல்லாத்தையும் குடுத்தாச்சு. இப்ப முகத்த மட்டும் வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறோம் லா?”

தனக்கு அந்த மிச்சம் வேண்டும் என்றார் யோகேந்திரன். உதுமான் அவருக்கு நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் தேநீர் வரவழைத்தார்.

அதிலிருந்துதான் யோகேந்திரன் விருந்தாளியானார். அந்தத் தாமானில் முகம் கொடுக்காத ஒரே மனிதர் தான்தான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. விஜிதா தன் முகத்தைக் கொடுத்துவிட்டாள் என்பது தெரியும். அதைக் குறித்து ஒருநாள் முழுக்க விளக்கினார். அவள் சரி என்றாள். தினமும் மாலையில் தன்னை உள்ளே விடச் சொல்லித் தொல்லை வருமே, உனக்குச் சிரமமில்லையா என்று கேட்டார். அதற்கும் சரி என்றாள். ஒருநாள்கூட முணுமுணுத்ததில்லை. கொள்கைக்காக நிற்கிற மனிதனுக்கு வாய்த்த மனைவி என்று யோகேந்திரன் உள்ளுக்குள் நெகிழ்ந்துபோனார்.

விஜிதா வீட்டில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பவள். ஒரு மாலை, பாடத்தின் நடுவே தொலைபேசி சிணுங்கியதும் வில்லைக் கீழே வைக்காமல் சுண்டுவிரலால் எதையோ தட்டினாள். அனுமதிக்கும்போது வருகையின் வகையையும் வீட்டுக்காரர்தான் உறுதிசெய்ய வேண்டும்; அவள் விரல் டெலிவரியில் பட்டுவிட்டது.

யோகேந்திரன் வந்தார், குளித்தார், சாப்பிட உட்கார்ந்தார். மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தங்கராஜு தலைக்கவசத்தைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, மிகுந்த சங்கடத்துடன், டெலிவரிக்கு வந்தவர்களுக்கு அரை மணி நேரம்தான் என்றார். போகவில்லையென்றால் கம்பெனியிலிருந்து தனக்கு அழைப்பு வரும்; இப்போதே ஒன்று வந்துவிட்டது.

“சாப்ட்டு முடிச்சிட்டு வெளிய போறேன்,” என்றார் யோகேந்திரன்.

தங்கராஜு காத்திருந்தார். விஜிதா அவருக்கும் ஒரு தட்டு வைத்தாள். பிறகு ஆண்கள் இருவரும் சேர்ந்து தாமான் வாசல் வரைக்கும் போனார்கள். யோகேந்திரன் கட்டைக்கு அந்தப் பக்கம் போய் நின்று, மறுபடி உறவினராகத் திரும்பினார்.

இப்படியே போனால் சரிவராது, ஊரைத் திருத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சங்க மண்டபத்தை எடுத்து ‘நமது முகம், நமது உரிமை’ என்று ஒரு கூட்டம் போட்டார். கூட்டம் நன்றாகவே வந்தது. முகத்தை வைத்து ஒருவரை எங்கெல்லாம் பின்தொடர முடியும் என்று படம் போட்டு விளக்கினார். சபை அமைதியாகக் கேட்டது. கேள்வி நேரத்தில் ஒருவர் எண்ணெய்ப் பொட்டலம் இரண்டாவது சுற்று எப்போது என்று கேட்டார். செல்வராணி என்ற அம்மாள், கேமரா தன்னை எப்போதும் வலப்பக்கத்திலிருந்து பிடிப்பதாகவும், தனக்கு இடப்பக்கம்தான் எடுப்பாக இருக்கும் என்றும் சொல்லி, இதை அரசாங்கத்துக்கு எழுதிப்போட முடியுமா என்று விசாரித்தாள். முன்வரிசையிலிருந்த ஒருவர் உரையை முழுவதுமாக நேரலையில் விட்டுக்கொண்டிருந்தார். யோகேந்திரனின் முகம் முதல் தடவையாக ஊர் முழுக்கப் போனது அன்றைக்குத்தான்.

டெலிவரிக் குழப்பம் இன்னொரு தடவை வரக் கூடாது என்று அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். உறவினர் என்பதற்குள் ‘இரவு தங்குபவர்’ என்று ஒரு பிரிவு இருந்தது. அதைப் போட்டால் விடியும்வரை யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள். விஜிதாவிடம் சொல்லிவைத்தார். அவளும் தினமும் பார்த்துப் பார்த்து அதையே அழுத்தினாள். ஒரு வாரம் நிம்மதியாகப் போனது.

ஒரே ஆள் தொடர்ந்து இரவு தங்கினால் செயலி தானாகவே சங்கத்துக்குத் தெரிவிக்கும் என்பது விதிமுறையில் இருந்தது. அதை யோகேந்திரன் படித்தும் இருந்தார். திருட்டுத்தனமாக வாடகைக்கு விடுகிறவர்களுக்கு வைத்த விதி என்று நினைத்து அதைக் கடந்துபோயிருந்தார்.

அந்த வாரம் முடிந்த மறுநாள் காலை தாமானின் வாட்சப் குழுவில் அறிவிப்பு வந்தது. ஐந்தாவது தெருவில், வயலின் வகுப்பு நடக்கும் வீட்டில், ஓர் ஆண் விருந்தாளி தொடர்ந்து இரவு தங்கி வருகிறார். தனியுரிமை கருதி அவருடைய பெயர் வெளியிடப்படவில்லை.

முகத்தைக் கம்பெனி எங்கே அனுப்புகிறது என்று ஒருநாளும் கேட்டிராத தாமான், அன்று காலையே விழித்துக்கொண்டது. யார் அவர்? எப்போது வருகிறார்? எப்போது போகிறார்? கேமராப் படத்தைப் போட முடியுமா? கண்காணிப்பு போதாது, தெருவுக்குத் தெரு கேமரா வேண்டும் என்று ஒருவர் எழுத, அதற்கு எழுபது பேர் கைதட்டினார்கள்.

யோகேந்திரன் தொழிற்சாலையில் மதிய உணவின்போதுதான் அதைப் பார்த்தார். உண்மையை நேராகச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்து தட்டினார்.

‘அந்த ஆண் நான்தான். பல காலமாக அங்கேதான் தங்குகிறேன். இனியும் தங்குவேன். இதில் நான் வெட்கப்பட ஒன்றுமில்லை.’

குழுவில் அவருக்குப் படம் கிடையாது. பெயரும் ‘ய’ என்று ஒற்றை எழுத்துத்தான். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருந்தார். ஆகவே அதை எழுதியது யார் என்று தாமானில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. பிறகு செல்வராணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இது அந்தம்மாவின் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?

‘நன்றாகத் தெரியும்’ என்று போட்டார் யோகேந்திரன். ‘அவரும் நான்தான்’ என்று அடுத்த வரியைத் தட்டிக்கொண்டிருந்தபோது, விஷயம் எல்லை மீறுவதைக் கண்ட உதுமான், நண்பனின் மானத்தைக் காப்பாற்றும் நோக்கத்தில், இனி நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று குழுவைப் பூட்டிவிட்டார்.

மாலையில் யோகேந்திரன் உணவகத்துக்குப் போய் நின்றார். உதுமானும் சும்மா இருந்துவிடவில்லை. கடைக்கு வந்தவர்களிடம் அது அந்தம்மாவின் சொந்தப் புருஷன்தான் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். சொந்தப் புருஷன் எதற்கு விருந்தாளியாக வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். உதுமான் விளக்கத் தொடங்கினார். தனியுரிமை என்ற சொல் வந்ததும் அவர்கள் மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

“உன் கொள்கைய கேக்குறதுக்கு யாருக்கும் நேரமில்ல யோகா,” என்றார் உதுமான். “மத்தது கேக்க நிறைய நேரம் இருக்கு.”

சனிக்கிழமை ரெங்கத்திலிருந்து மாமியார் கமலாம்பிகை வந்து இறங்கினார். அங்கே வரைக்கும் செய்தி போயிருந்தது. வாசலில் தங்கராஜு விவரம் சொல்ல, குடும்பத்தினர் என்று தன் முகத்தை அங்கேயே பதிந்துவிட்டு, கட்டை எழும்ப, உள்ளே வந்துவிட்டார். யோகேந்திரன் கடைக்குப் போய்த் திரும்பி வாசலில் நின்றபோது, அவரை அனுமதிக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் மாமியார்தான். கொஞ்சம் யோசித்துவிட்டே சொன்னார்.

வீட்டுக்குள் அவர் சத்தம் போடவில்லை. மருமகனை உட்காரவைத்து, வகுப்பு நடக்கும் முன்னறையைக் காட்டினார். விஜிதா வழக்கம்போல் நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு, இசைத் தாங்கிகளை நிறுத்தி, தன் வயலினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வகுப்பு நேரம் தாண்டியிருந்தது. ஒரு பிள்ளையும் வரவில்லை. போன வகுப்புக்கும் வரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. காய்ச்சல், பள்ளிக்கூட நிகழ்ச்சி, உறவினர் வீட்டுக் கல்யாணம் என்று தாய்மார்கள் ஆளுக்கொன்று எழுதியிருந்தார்கள்.

“உங்க முகம் உங்களுக்குப் பெரிசுதான் தம்பி, நான் இல்லேங்கல,” என்றார் கமலாம்பிகை. “இவ தெருவுல எந்த முகத்தோட நடக்குறது?”

விஜிதா பரவாயில்லை என்றாள். பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்றாள். பிறகு வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அவள் ஒரு குற்றமும் சொல்லாததுதான் யோகேந்திரனால் தாங்க முடியாமல் போனது. இத்தனை நாள் தன்னோடு நின்றவளுக்குத் தான் செய்தது இதுதானா என்று நினைத்தார். எழுந்து சட்டையை மாட்டினார். எங்கே போகிறீர்கள் என்று விஜிதா கேட்டாள். குடுத்துட்டு வந்துடுறேன் என்றார். எதை என்று அவள் கேட்கவில்லை; ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பிறகு தன் அம்மாவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

சங்க அலுவலகத்தில் லோஷினி என்ற பெண் தனியாக இருந்தாள். கம்பெனி அனுப்பியிருந்த பதிவாளர். வேலைக்கு வந்து அதிக நாள் ஆகாதவள். யோகேந்திரன் அவள் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். தான் எதற்காக இதை எதிர்த்தேன் என்பதைச் சொன்னார். விதிமுறையின் பதினோராம் பத்தியைச் சொன்னார். இன்றைக்கு வாசலில் கேட்பவர்கள் நாளைக்கு எங்கே கேட்பார்கள் என்று யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும் என்றார். தன் கருத்து மாறவில்லை, மனைவிக்காக மட்டுமே இந்த முகத்தைக் கொடுக்கிறேன் என்றார். லோஷினி இரக்கத்தோடு தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, கேமராவுக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டார். லோஷினி அவருடைய பெயரைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“அங்கிள், உங்க முகம் முதல் நாளே உள்ள வந்திருச்சே,” என்றாள். “ஆன்ட்டிதான் உங்க கல்யாணப் படத்த ஏத்தியிருக்காங்க. தலை நிறைய முடியோட இருக்கிற இந்த ஆளு நீங்கதான்னு கேமராவாலதான் கண்டுபிடிக்க முடியல.”