மாப்பிள்ளை வாட்ச் நின்றுபோன விவரம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் ஆசியுடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, என் பழைய வாட்ச், போன மாதம் நீங்கள் என் கையில் கட்டிவிட்ட புது வாட்ச் ஆக நான்கு பேரில் மூவர் நலம். இதை நீங்கள் மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப் போடவும். என் மகள் கண்ணில் பட்டால் அடுத்த வண்டியிலேயே வந்து என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

என் பழைய வாட்ச், பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராகச் சேர்ந்த வாரம் எதிர்க்கடையில் வாங்கியது. ஒரு ஜோடி செருப்பு விலைதான். காலையில் இருபது திருகு சாவி கொடுத்தால் மறுநாள் வரை ஓடும், தினம் மூன்று நிமிஷம் பின்தங்கும், அதை நான் மனசிலேயே கூட்டிக்கொள்வேன், முப்பத்தாறு வருஷம் அத்தனை பஸ்ஸும் அதைப் பார்த்து நான் ஊதிய விசிலில்தான் கிளம்பின. உங்கள் வாட்ச்சோ என் நாலு மாதப் பென்ஷன். பெட்டியில் நீங்கள் மறந்துவிட்ட பில்லைப் பார்த்து எனக்கு வேர்த்துவிட்டது. பின்பக்கம் கண்ணாடி, உள்ளே சக்கரமெல்லாம் மினுமினுக்கிறது, சாவியே வேண்டாம், கை அசைகிற அசைவிலேயே தானாக முறுக்கிக்கொள்ளும், பிசகவே பிசகாது என்றீர்கள். பிசகவில்லை மாப்பிள்ளை, மூன்றாம் நாள் நின்றே போய்விட்டது.

ரிப்பேருக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கப் போனபோது உங்கள் அத்தையையும் கூட்டிப் போனேன், அதுதான் நான் செய்த தப்பு. ரிப்பேர்க்காரர் ஏற்கெனவே நாலு நாள் தன் கையில் கட்டிப் பார்த்திருக்கிறார், ஜம்மென்று ஓடியிருக்கிறது.

“சார் என்ன வேலை பார்க்கறீங்க?” என்றார்.

“ரிட்டயர்டு.”

“அதான். வாட்ச்சுல ஒண்ணுமில்ல சார். முழுசா முறுக்கேறினா அசைக்காம வெச்சாக்கூட நாற்பது மணி நேரம் ஓடும். கை அசைஞ்சாத்தானே முறுக்கேறும்?”

உங்கள் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். “டாக்டர் சொன்னாருன்னு தினம் காலையில நாற்பது நிமிஷம் வாக்கிங் போறீங்களே, அப்போ கை மட்டும் வீட்டுலயே இருந்துதா?”

உங்களிடம் என்ன மறைப்பு, நான் போவது தெருமுனை பஸ் நிறுத்தத்துப் பெஞ்சு வரைக்கும்தான். எந்த பஸ் எத்தனை நிமிஷம் லேட் என்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன். மகளிடமும் போனில் தினம் நடப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். மறுநாள் அதே பெஞ்சில் உட்கார்ந்தபடி கையை மட்டும் மேலும் கீழும் ஆட்டினேன், வந்த பஸ் நின்றுவிட்டது, டிரைவர் எனக்குப் பழக்கமானவர், “ஏறுங்க சார்” என்கிறார், “இல்லப்பா, வாட்ச்சுக்காக ஆட்டறேன்” என்றேன், பஸ்ஸே சிரித்தது, இரண்டு நிமிஷம் லேட். என்னால் ஒரு பஸ் லேட்டானது என் ஆயுசில் அன்றைக்குத்தான். அப்புறம் வாட்ச்சைக் கீழ்வீட்டு நாயின் கழுத்தில் கட்டிப் பார்த்தேன். அதுவும் ரிட்டயர்டு போலிருக்கிறது.

“இப்படிக் குடுங்க” என்று உங்கள் அத்தை வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டாள். ஒன்பது நாளாக ஓடுகிறது மாப்பிள்ளை, ஒரு நொடி நிற்கவில்லை. எனக்கு முதலில் எரிச்சல். பிறகு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணி பிழிகிறது, மாடிக்கு வாளி தூக்குகிறது, பாத்திரம் தேய்க்கிறது, நான் சாப்பிட்ட தட்டைக்கூட அதுதான் எடுத்துப் போகிறது. ஊர் பஸ்ஸுக்கெல்லாம் நேரம் பார்த்தவன் இதைப் பார்க்கவில்லையே என்று வெட்கமாகிவிட்டது. இனி அந்த வாட்ச் என் கண்ணில் படவே வேண்டாம். பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். மாமாவுக்குத் தோல் அரிக்கிறதாம் என்று மகளிடம் சொல்லிச் சமாளிக்கவும்.

பேரக்குழந்தைகளுக்கு முத்தங்கள். நீங்கள் எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திராமல் நீண்ட ஆயுளுடன் வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பின்குறிப்பு: மேலே சொன்ன பார்சல் வராது. வாட்ச்சைக் கழற்றச் சொன்னேன். “முழுசா முறுக்கேறியிருக்கு. அது தானா நிக்கற வரைக்கும் நான் இந்தக் கையை அசைக்கறதா இல்ல” என்று மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாற்பது மணி நேரத்தில் ஆறுதான் ஆகியிருக்கிறது. அதற்குள் வாளியோடு மாடிக்கு நாலு தடவை ஏறி இறங்கிவிட்டேன். பொழுது போகவில்லையென்று இந்தக் கடிதத்தை என்னையே பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, போனில் உங்கள் மனைவிக்கு முழுசாகப் படித்துக் காட்டிவிட்டாள். ஆகையால் கிழிக்க வேண்டாம். என் பழைய வாட்ச் நான் நடந்தாலும் கிடந்தாலும் ஒரே மாதிரிதான் ஓடுகிறது. இன்றைக்கு நான் நடந்த நடைக்கு ஒரு சாட்சி வேண்டாமா? வரும்போது நீங்கள் கொடுத்த புது வாட்ச் மாதிரியே இன்னொன்று வாங்கி வரவும்.