நண்டுத்திட்டின் பூர்வகுடிகள்

உலகத்தில் எத்தனையோ தீவுகள் உண்டு. ஆனால் ஒரே வாரத்தில் ஆதிகாலத்திலிருந்து உல்லாச காலத்துக்குத் தாவிய பெருமை எங்கள் நண்டுத்திட்டு ஒன்றுக்கே உரியது. அந்த வாரத்தில் அதன் சரித்திரத்தை எழுதும் பாக்கியம், கொம்யூன் என்கிற பிரெஞ்சு ஊராட்சியின் குமாஸ்தாவும், பிரெஞ்சை மொழிபெயர்க்கும் துபாஷுமாகிய எனக்குக் கிடைத்தது.

மணப்பட்டுக்குத் தெற்கே, ஆறு கடலில் விழும் இடத்தில் கிடக்கும் மணல்மேடு அது. முதலில் அங்கே நண்டுகள் குடியிருந்தன. பிறகு, திட்டில் கருவாடு போடும் தையலம்மாளின் புருஷன் பக்கிரியினுடைய பாட்டன் கட்டுமரத்தில் வந்து இறங்கினான். அப்புறம் சில குடிசைகள், கருவாடு, பிள்ளைகள். கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். மற்றபடி சரித்திரத்துக்குத் தகுதியான எதுவும் நடக்கவில்லை. ஜனங்கள் பிழைத்துக் கிடந்தார்கள், அவ்வளவே.

1936இல் கொம்யூன் தலைவரான எங்கள் மேர் குழந்தைவேல் அவர்கள் புதுச்சேரிக்குப் போய் 'துரிஸ்ம்' என்றொரு சொல்லுடன் திரும்பினார். வெள்ளைக்காரர் வேலையில்லாமல் ஓர் இடத்தைப் பார்க்க வந்தால் அது துரிஸ்ம். வேலையாக வந்தால் வரிவசூல். உடனே ஆலோசனைக் கூட்டம் கூடியது. பார்க்க வருகிறவர்களுக்குப் பழமை வேண்டும், ஆகவே திட்டில் ஒரு காலத்தில் 'பூர்வகுடிகள்' வாழ்ந்து மறைந்ததாக எழுத வேண்டும் என்று மேர் முன்மொழிந்தார்.

ஜவுளிக்கடை ஷரீப் மட்டும் சந்தேகம் எழுப்பினார். "அங்க இன்னும் ஆளுங்க இருக்காங்களே?"

"அதான் தப்பு. பூர்வகுடின்னா இப்ப இருக்கலாமாய்யா?" என்றார் மேர்.

இவ்வளவு ஆழமான சரித்திர ஞானத்துக்கு முன்னால் ஷரீபும் கையைத் தூக்கினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. 'கடற்பேரலையில் அழிந்தனர்' என்று நான் எழுதினேன். எழுதியது பொய்யாகிவிடக் கூடாதே என்ற கவலையில், ஜனங்களை அக்கரைக்கு அனுப்ப மேர் சேவகர்களை ஏவினார்.

உத்தரவை வாசிக்க நான்தான் போனேன். பக்கிரி கடலில் இருந்தான். தையலம்மாள் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். பிறகு, அக்கரையில் உப்புத் தண்ணீர்தானே, பிள்ளைகள் எதைக் குடிக்கும் என்று விசாரித்தாள். அது சரித்திரத்தில் அடங்காத விஷயம் என்று விளக்கினேன். அவள் அழவில்லை. சேவகர்கள் கீற்றைப் பிரிக்கத் தொடங்கியதும், "வூட்ட நாங்களே பிரிச்சிக்கிறோம். ஒடச்சிப்புடாதீங்க" என்றாள். அன்று பொழுது சாய்வதற்குள் குடிசைகள் கட்டுமரங்களில் ஏறிப் போய்விட்டன. பேரலைகூட இவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்காது.

அந்த இடத்தில் பந்தலும் சோடாக் கடையும் வந்தன. 'இங்கே ஒரு காலத்தில் மீனவப் பூர்வகுடிகள் வாழ்ந்து, பேரலையில் அழிந்தனர்' என்று இரண்டு மொழிகளில் பலகை நட்டோம்.

திறப்பு விழாவுக்கு ஒரு பிரெஞ்சுத் துரையும் அவர் மனைவி மதாமும் வந்தார்கள். மேர் பட்டுக் குல்லாவும் மாலையுமாக முன்னே நடந்தார். மதாம் கழுத்தில் தொங்கிய கேமராவால் மணலை, கடலை, சோடா பாட்டிலைக்கூடப் படம் பிடித்தாள். பலகையைப் படித்துவிட்டு, பாவம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சமயத்தில்தான் தையலம்மாள் இடுப்பில் குடத்தோடு கரையேறினாள். பழைய ஊற்றில் தண்ணீர் மொள்ள வந்தவள், பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன்.

"ஒரு காலத்துலன்னா? போன செவ்வாக்கெயமயா?"

மேர் அவளை விரட்டச் சொல்லிச் சாடை காட்டினார். அதற்குள் மதாம், இவள் யார் என்று கேட்டுவிட்டாள். பூர்வகுடிகளில் மிச்சம் என்று நான் சமாளித்தேன். மதாமுக்கு ஒரே பரவசம். அவர்களை அழித்த பேரிடர் எப்படி இருந்தது, இவள் கண்ணால் பார்த்தாளா என்று கேட்கச் சொன்னாள்.

"இன்னா கேக்குது அந்தம்மா?" என்றாள் தையலம்மாள்.

தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது. உள்ளபடியே மொழிபெயர்த்தேன். அவள் குடத்தை மணலில் இறக்கினாள். மேரைக் குல்லாவிலிருந்து செருப்பு வரை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தோ, ரெண்டும் நிக்குதுன்னு சொல்லு" என்று விரலை நீட்டினாள்.

இதைப் பிரெஞ்சில் எப்படி நயமாகச் சொல்வது என்று நான் சொல் தேடிக்கொண்டிருந்தேன். தேவைப்படவில்லை. மதாம் அந்த விரல் காட்டிய பக்கம் கேமராவைத் திருப்பி, எங்கள் இருவரையும் அசையாமல் நிற்கச் சொன்னாள்.