குருவிக் கலர்காரர் நான் இல்லை என்று சொன்ன விஷயம்

காரிமங்கலம்,
2-11-1968

மரியாதைக்குரிய மொரப்பூர் பச்சியப்பன் அவர்களுக்கு, காரிமங்கலம் நஞ்சப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் சம்சாரம் கோவிந்தம்மாள், தாங்கள் பெண் பார்க்க வந்து பார்க்காமலே திரும்பிய என் மகள் ராமக்காள் யாவரும் சுகம். தங்கள் வீட்டில் அனைவருக்கும் சுகமும், தங்களுக்குக் கோபத்தில் கொஞ்சம் தணிவும் உண்டாக வேண்டுகிறேன்.

சந்தையன்று தங்களை வாசலோடு திருப்பி அனுப்பியது நான்தான். மறுக்கவில்லை. பல வருஷமாக இரட்டைக் குருவி கம்பெனியின் கலர் சோடா ஏஜென்சி என்னிடம் இருந்தது. அது முடிகிறது என்று கம்பெனி இங்கிலீஷில் நோட்டீஸ் அனுப்பியது. தபால்காரர் படித்துச் சொன்னார். முடிந்தபின் இரண்டு வருஷத்துக்குப் பத்து மைல் சுற்றளவில் நான் எந்தக் கலரும் விற்கக் கூடாது, போர்டு இருக்கக் கூடாது, குருவி என்ற பெயரைப் பேச்சிலும் எழுத்திலும் என்னோடு சேர்க்கக் கூடாது, மீறினால் கேஸ். அன்றைக்கே போர்டைக் கழற்றினேன், சுவரில் வரைந்திருந்த இரண்டு குருவிகளுக்கும் சுண்ணாம்பு அடித்தேன். ஊர்தான் அடங்கவில்லை. நான் நஞ்சப்பன் என்பது எனக்கும் ரேஷன் கார்டுக்கும்தான் தெரியும். பஸ் கண்டக்டர்கூட "குருவி கலர் வூட்டுகிட்ட எறங்கறவங்க வாங்க" என்கிறார். கம்பெனி ஆள் வேவு பார்க்க வருவான் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தாங்கள் அடுத்த வாரம் வருவதாகத்தான் தரகர் சொல்லியிருந்தார். முன்னே பின்னே பார்த்திராத தாங்கள் (தாங்கள்தான் என்று பிறகு தரகர் சொல்லித்தான் தெரிந்தது) வெள்ளை வேட்டியும் குடையுமாக வந்து, "குருவி கலர்காரர் வூடு இதுதானுங்களா?" என்றீர்கள். "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்றேன். "அவருக்கு ஒரு பொண்ணு இருக்குதாமே?" என்றீர்கள். கம்பெனி ஆள் எல்லாம் விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறான் என்று நினைத்து, "பொண்ணும் கெடையாதுங்க" என்றேன். உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த ராமக்காள் அதைக் கேட்டாள்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. கோவிந்தம்மாள் சுவரைப் பார்த்து, "பொண்ணே இல்லைங்கறவருக்குச் சோறு மட்டும் எதுக்கு?" என்கிறாள். நல்ல பெண், ஐயா. இந்தச் சம்பந்தம் என்னால் நின்றுபோனால் அவள் முகத்தில் நான் விழிக்க முடியாது. பெரிய மனது பண்ணி இன்னொரு தடவை வர வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு நமஸ்காரம். மாப்பிள்ளைத் தம்பிக்கு, அப்படிச் சொல்ல இன்னும் இடம் இருந்தால், என் ஆசி.

இப்படிக்கு,
நஞ்சப்பன் (மட்டும்)

பி.கு.: இதை ஒட்டப் போகும்போது கம்பெனி லாரி வந்து எப்போதும்போல் கலர்ப் பெட்டிகளை இறக்கியது. "போர்டு எங்கீங்க?" என்கிறார் டிரைவர். ஏஜென்சி கார்த்திகைக் கடைசியில்தான் முடிகிறதாம், நோட்டீஸ் முன்கூட்டியே அனுப்புவது வழக்கமாம். ஆகையால் அதுவரை குருவிக் கலர்காரர் நான்தான். எனக்குப் பெண்ணும் உண்டு. தயவுசெய்து கல்யாணத்தைக் கார்த்திகைக்குள் வைத்துவிடுங்கள். அதற்கப்புறம் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் மறுபடியும் இல்லை என்றுதான் சொல்வேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.